கலைந்ததும் கலைத்ததும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் இருக்கிறோம். கணவருக்கு எச்1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்4 விசா. இப்போது எட்டு வாரம் மாசமாக இருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு திருநெல்வேலியில் இருந்தபோது ஒரு கரு ஒன்பதாம் வாரத்தில் துடிப்பு நின்றுபோய், கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தார்கள். அந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மிஸ்டு அபார்ஷன்' என்று போட்டிருக்கிறது. இங்கே முதல் அப்பாயின்ட்மென்ட்டுக்குப் பழைய ரிப்போர்ட் எல்லாம் கேட்கிறார்கள். காட்டினால் பிரச்சினை வருமா? விசாவுக்கு ஏதாவது ஆகுமா? டெக்சாஸில் கருக்கலைப்புத் தடையால் கர்ப்பிணிகள் செத்துப்போகிறார்கள் என்று அம்மா தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "ஊருக்கு வந்துவிடு. இல்லையென்றால் நான் பிரசவத்துக்கு வரும்போது அவசரத்துக்குக் கருக்கலைப்பு மாத்திரையை வாங்கி வருகிறேன்" என்கிறார். கணவரோ, "அது குழந்தை வேண்டாம் என்பவர்களின் சண்டை, இந்த ஊர் அரசியல், நமக்கென்ன" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தாராளமாகக் காட்டுங்கள். ஒரு வரிகூட மறைக்க வேண்டாம். அதில் எழுதியிருப்பது குற்றம் இல்லை, களங்கமும் இல்லை. அது உங்களுக்கு நேர்ந்த ஓர் இழப்பு, அவ்வளவுதான். விசாவுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

ஆனால் உங்களைப் பயமுறுத்திய அந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவின் இத்தனை சண்டையும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. நம் வீடுகளில் "கரு கலைஞ்சு போச்சு" என்று சொன்னால் பக்கத்து வீட்டு ஆச்சி கண் கலங்கி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். "கலைச்சுட்டா" என்று சொன்னால் அதே ஆச்சி வேறு மாதிரிப் பார்ப்பாள். கலைந்தது, கலைத்தது: ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் தமிழில் இரண்டும் இரண்டு கதை. மருத்துவ ஆங்கிலத்தில் அந்த வித்தியாசம் இல்லை. தானாகக் கலைந்தாலும் மருத்துவர் கலைத்தாலும் இரண்டும் 'அபார்ஷன்'தான். அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்தும் நோய்க் குறியீட்டுப் பட்டியலிலும், துடிப்பு நின்றும் வெளியேறாத கருவுக்கு 'மிஸ்டு அபார்ஷன்' என்றுதான் பெயர். உங்கள் பிளேனோ மருத்துவர் அந்தச் சொல்லைப் பார்த்தால் புருவத்தைக்கூட உயர்த்த மாட்டார். டெக்சாஸ் சட்டமும் இதைத் தெளிவாகவே சொல்கிறது: தானாக இறந்துபோன கருவை அகற்றுவது கருக்கலைப்பு ஆகாது. கருக்குழாயில் தங்கிவிட்ட கர்ப்பத்தை நீக்குவதும் ஆகாது. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தின் தண்டனை மருத்துவருக்கு, கர்ப்பிணிக்கு அல்ல.

சரி, இப்போது உங்கள் கணவரிடம் வருகிறேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், உங்களைக் கலங்கவிடக் கூடாது என்று. ஆனால் விஷயத்தில் தவறு. இது குழந்தை வேண்டாம் என்பவர்களைப் பற்றிய சட்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். திருநெல்வேலியில் உங்களுக்குச் செய்த சுத்தம் செய்யும் சிகிச்சையும், குழந்தை வேண்டாம் என்று வரும் பெண்ணுக்குச் செய்வதும் ஒரே சிகிச்சை. அதே கருவி, அதே மாத்திரை. ஒன்றைப் பூட்டினால் மற்றதும் பாதி பூட்டிக்கொள்ளும்.

லூசியானாவில் நடந்ததைப் பாருங்கள். மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரை இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காமல் போனால் நம் ஊர் செவிலியர்கள் நாக்கடியில் வைக்கும் அதே மாத்திரை, எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றியது. அது கருக்கலைப்புக்கும் பயன்படுகிறது என்பதால் 2024 அக்டோபர் முதல் அந்த மாநிலம் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பிரசவ அறைத் தள்ளுவண்டியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்தைப் பூட்டி வைக்க வேண்டியதாகிவிட்டது. ரத்தப்போக்கில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அதைக் கண்ணால் பார்த்தவள் நான், எனக்கு இதைப் படித்தபோது கை நடுங்கியது.

உங்களைப் போலக் குழந்தையை ஆசையாக எதிர்பார்க்கும் பெண்ணுக்குச் சட்டம் குறுக்கே வருவது ஒரு குறிப்பிட்ட இடத்தில். கருவில் இதயத்துடிப்பு இருக்கிறது, ஆனால் அந்தக் கர்ப்பம் இனி நிலைக்காது என்று மருத்துவருக்குத் தெரிந்துவிட்டது. உதாரணமாகப் பதினேழு, பதினெட்டு வாரத்திலேயே பனிக்குடம் உடைந்துவிடுகிறது. குழந்தை பிழைக்க வழியில்லை. தாயின் கர்ப்பப்பைக்குள் கிருமி ஏறும் வாய்ப்பு மணிக்கு மணி கூடுகிறது. இந்த நிலையில் என்ன செய்யலாம் என்று மருத்துவர் தாயிடம் பேசி முடிவெடுக்க வேண்டும். காத்திருக்க விரும்பும் தாய் காத்திருக்கலாம், கர்ப்பத்தை முடித்துக்கொள்ள விரும்புபவர் முடித்துக்கொள்ளலாம். கடுமையான தடை உள்ள இடத்தில் மருத்துவர் முதலில் வக்கீலைக் கூப்பிடுகிறார்.

சவிதா ஹலப்பனவர் என்ற பெயர் உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கலாம். கர்நாடகத்துப் பெண், பல் மருத்துவர், 31 வயது. 2012 அக்டோபரில் அயர்லாந்தின் கால்வே நகரில் பதினேழு வார கர்ப்பம் கலையத் தொடங்கியது. இனிக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்த பிறகு, முடித்துவிடுங்கள் என்று அவரும் கணவரும் கேட்டார்கள். துடிப்பு இருக்கும்வரை முடியாது என்று சொன்னார்கள். ரத்தத்தில் கிருமி பரவி அக்டோபர் 28 அன்று இறந்துபோனார். அவரும் குழந்தையை ஆசையோடு எதிர்பார்த்தவர்தான். அந்த மரணத்துக்குப் பிறகு எழுந்த கோபம் அடங்கவில்லை. 2018 மே மாதம் அயர்லாந்து மக்கள் பொது வாக்கெடுப்பில் 66 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்து, அந்தத் தடையை அரசியல் சட்டத்திலிருந்தே நீக்கினார்கள்.

அயர்லாந்து அந்தப் பாதையை விட்டு வந்த நான்கே வருடத்தில் டெக்சாஸ் அதே பாதையில் இறங்கியது. ஆஸ்டினைச் சேர்ந்த அமாண்டா சுராவ்ஸ்கி என்ற பெண்ணுக்கு 2022ல் பதினெட்டு வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. துடிப்பு இருந்ததால் உடனே எதுவும் செய்யவில்லை. செப்சிஸ், அதாவது ரத்தத்தில் கிருமி பரவும் நிலை, வந்த பிறகுதான் செய்தார்கள். பிழைத்தார், ஆனால் கருக்குழாய் ஒன்று நிரந்தரமாக அடைபட்டது. அவர் பெயரில் தொடங்கிய வழக்கில் இருபது பெண்களும் இரண்டு மருத்துவர்களும் சேர்ந்தார்கள். எந்த நிலையில் மருத்துவர் தலையிடலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. 2024 மே 31 அன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டத்தில் விதிவிலக்கு ஏற்கெனவே இருக்கிறது, அது போதும் என்பது நீதிமன்றத்தின் பார்வை.

விதிவிலக்கு இருப்பது உண்மை. தாயின் உயிருக்கோ முக்கிய உறுப்புக்கோ ஆபத்து என்றால் செய்யலாம். ஆனால் 'ஆபத்து' என்று மருத்துவர் நினைத்தது தவறு என்று பின்னால் ஒரு அரசு வக்கீல் சொன்னால்? ஐந்து வருடம் முதல் ஆயுள்வரை சிறை, குறைந்தது ஒரு லட்சம் டாலர் அபராதம், மருத்துவர் உரிமம் பறிபோகும். நடு இரவில் பிரசவ வார்டில் நிற்கும் இளம் மருத்துவர் ஒருவரை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அவர் கெட்டவர் அல்ல. காய்ச்சல் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். காய்ச்சல் ஏறியபின் எல்லோரும் பிழைப்பதில்லை.

எப்படி இந்த இடத்துக்கு வந்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் வசிக்கும் பகுதியிலிருந்துதான் இது தொடங்கியது. 1973ல் கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கிய 'ரோ எதிர் வேட்' வழக்கில் 'வேட்' என்பவர் டாலஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஹென்றி வேட். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் ஏழு பேர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. அந்த ஏழு பேரில் ஐந்து பேர் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்தவர்கள். எதிர்த்த இருவரில் ஒருவர் ஜனநாயகக் கட்சியின் கென்னடி நியமித்தவர். அதற்கும் முன்பு, 1967ல், கலிஃபோர்னியாவில் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்துப் போட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன். கட்சி பார்த்து இரண்டாகப் பிரிந்தது எல்லாம் பிறகு நடந்தது, தேர்தல் கணக்குகளோடு. கடைசியில் அந்த நீதிமன்றத்துக்கு டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகள் வந்தபின், 2022 ஜூன் 24 அன்று மிசிசிப்பி வழக்கில் 'ரோ' தீர்ப்பு ரத்தானது. இனி அந்தந்த மாநிலம் முடிவு செய்யட்டும் என்றார்கள். டெக்சாஸ் அதற்கு முந்தைய வருடமே ஆறு வாரத் தடையைக் கொண்டுவந்திருந்தது. 2022 ஆகஸ்டில் முழுத் தடை வந்துவிட்டது. வன்புணர்வுக்கும் அதில் விலக்கில்லை, பிழைக்கவே முடியாத குறையுள்ள கருவுக்கும் விலக்கில்லை.

மக்களே இதைத்தான் விரும்பினார்களா என்றால், கேட்ட இடங்களில் பெரும்பாலும் வேறு பதில்தான் வந்தது. குடியரசுக் கட்சியின் கோட்டையான கான்சஸ், 2022 ஆகஸ்டில் உரிமையை நீக்கும் திருத்தத்தைத் தோற்கடித்தது. ஒஹாயோவும் மிசௌரியும் உரிமையை அரசியல் சட்டத்தில் எழுதின. ஃபுளோரிடாவில் 57 சதவீதம் ஆதரித்தும் தேவையான 60 கிடைக்கவில்லை. டெக்சாஸில் மக்கள் கையெழுத்து வாங்கி இப்படி ஒரு கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றும் வழியே கிடையாது. உங்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனால் சட்டம் உங்கள் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. அதனால்தான் "நமக்கென்ன" என்று இருக்க முடியாது.

எதிர்ப்பக்கம் இருப்பவர்களை நான் வில்லன்களாகப் பார்க்கவில்லை. கரு உண்டான கணத்திலேயே அது முழு மனித உயிர் என்று உளமார நம்புகிற செவிலியர்களோடு இல்லினாயில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். இறந்து பிறந்த குழந்தைகளைத் துணியில் சுற்றி, பெயர் கேட்டு எழுதி, தாயின் கையில் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை மதிக்கிறேன். அதைச் சிறைத்தண்டனையாக மாற்றி மருத்துவரின் கழுத்தில் தொங்கவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. நான் பயிற்சி பெற்ற காலத்தில் தென்தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துக்கொண்ட பெண்கள் ஜன்னி கண்டு மாட்டு வண்டியில் வருவார்கள். இந்தியாவில் 1971லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்களுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் வெளியே சொல்லப் பயம். வழியை அடைத்தால் கலைப்பு நிற்பதில்லை, எருக்கங்குச்சிதான் வருகிறது. அந்த முகங்களை மறக்க முடியாததால் இந்த விஷயத்தில் நான் நடுவில் நின்று பேச முடியாது.

உங்கள் அம்மாவுக்கு இரண்டு பதில்.

மாத்திரை வேண்டவே வேண்டாம். தயவுசெய்து இதை அழுத்திச் சொல்லுங்கள். ஸ்கேன் பார்க்காமல் எடுத்தால், கரு குழாயில் இருப்பது தெரியாமலே போய் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சட்டப்படியும் மோசம். 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த டெக்சாஸ் சட்டம் ஒன்று, இந்த மாத்திரைகளை மாநிலத்துக்குள் கொண்டுவருபவர்மீதும் அனுப்புபவர்மீதும் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்கிறது. இந்தியானாவில் இந்திய வம்சாவளிப் பெண் ஒருவரை, வெளிநாட்டிலிருந்து மாத்திரை வரவழைத்துச் சாப்பிட்டார் என்று குற்றம் சாட்டி 2015ல் இருபது வருடச் சிறைக்கு அனுப்பினார்கள். அவர் ரத்தத்தில் மருந்தே கண்டுபிடிக்கப்படவில்லை. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் கருக்கொலைக் குற்றச்சாட்டு ரத்தானது. 'ரோ' தீர்ப்பு உயிரோடு இருந்த காலத்திலேயே இது நடந்தது. உங்கள் அம்மாவின் பெட்டியில் இட்லிப் பொடியும் பிரசவ லேகியமும் மட்டும் இருக்கட்டும்.

ஊருக்கு வருவதைப் பற்றி: சட்டத்துக்குப் பயந்து மட்டும் வர வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. இந்தியாவில் 20 வாரம்வரை ஒரு மருத்துவரும், சில பிரிவினருக்கு 24 வாரம்வரை இரண்டு மருத்துவர்களும் ஒப்புக்கொண்டால் போதும். அதற்குமேல் கடுமையான குறை இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும். அது டெக்சாஸை விட எவ்வளவோ மேல்தான். ஆனால் உங்கள் கணவர், காப்பீடு, எல்லாம் பிளேனோவில் இருக்கிறது. திரும்பி வரும்போது விசா முத்திரைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் கையில் இல்லை. நான் சொன்ன பனிக்குடச் சிக்கல் நூறு கர்ப்பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே வருகிறது. குழந்தை வெளியே பிழைக்கும் 23, 24 வாரத்தைத் தாண்டிவிட்டால், பனிக்குடம் உடைந்து கர்ப்பத்தை முடிக்க வேண்டி வந்தாலும் மருத்துவர் செய்வது பிரசவம்தான், யாரும் சட்டப் புத்தகத்தைத் தேட மாட்டார்கள்.

சட்டமும் கொஞ்சம் இளகியிருக்கிறது. 2023ல், பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தால் மருத்துவர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2025 ஜூனில், ஆபத்து கழுத்தை நெரிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று தெளிவுபடுத்தும் சட்டம் வந்தது. ஆறு வாரத் தடையைக் கொண்டுவந்த செனட்டர் பிரையன் ஹியூஸ்தான் இதையும் கொண்டுவந்தார். ஒவ்வொரு மருத்துவமனையும் இதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதை நீங்கள் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் அப்பாயின்ட்மென்ட்டில் கணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, "20 வாரத்துக்கு முன் பனிக்குடம் உடைந்தால், துடிப்பு இருந்தால், இந்த மருத்துவமனை என்ன செய்யும்? யார் முடிவெடுப்பார்கள்? எவ்வளவு நேரம் ஆகும்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். பலர் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருப்பார்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்வார். மழுப்பினால் வேறு மருத்துவரைப் பாருங்கள், எட்டாம் வாரத்தில் மாறுவது சுலபம். இருபத்தெட்டாம் வாரத்தில் அல்ல.

பத்தாம் வாரத்துக்குப் பிறகு குரோமோசோம் குறைகளைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பெரிய ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். ரத்தப் பரிசோதனையைச் செய்வதா என்பது உங்கள் இருவரின் விருப்பம். செய்வதாக இருந்தால் சீக்கிரம் செய்யுங்கள். டெக்சாஸில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் டாலஸ் பகுதியைச் சேர்ந்த கேட் காக்ஸ், குழந்தைக்கு டிரைசோமி 18 என்ற கடுமையான குரோமோசோம் குறை என்று தெரிந்தபின் நீதிமன்றம்வரை போனார். மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது, வேறு மாநிலம் போக வேண்டியதாயிற்று. அப்படி ஒரு நிலை உங்களுக்கு வரக் கூடாது. வந்தால், நியூ மெக்ஸிகோ, கொலராடோ, கான்சஸ் மாநிலங்களில் சட்டப்படி சிகிச்சை உண்டு. கான்சஸில் 22 வாரம்வரை. 'ரோ'வை ரத்து செய்த தீர்ப்போடு தனிக்குறிப்பு எழுதிய நீதிபதி கவனாவே, சிகிச்சைக்காக இன்னொரு மாநிலம் போவதைத் தடுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

அப்புறம், எந்த நாட்டில் இருந்தாலும் இதை மறக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனையும் அளவுக்கு ரத்தம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள நீர், ஒரு பக்க அடிவயிற்றில் குத்தும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றி விழப்போவது போன்ற உணர்வு: இதில் எது வந்தாலும் காலைவரை பொறுக்க வேண்டாம். காப்பீடு என்ன சொல்லுமோ என்று யோசிக்கவும் வேண்டாம். 1986ல் வந்த மத்திய சட்டம் ஒன்று, அவசரப் பிரிவுக்கு வரும் யாரையும் பணம், விசா பார்க்காமல் பரிசோதித்து, நிலைப்படுத்த வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தில் அவசரக் கருக்கலைப்பும் அடங்கும் என்று 2022ல் மத்திய அரசு தந்த வழிகாட்டலை 2025 ஜூனில் விலக்கிக்கொண்டார்கள், ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. போனபின் "வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்பினால், பயம் தீரவில்லை என்றால், இன்னொரு மருத்துவமனைக்குப் போங்கள். நம் பெண்கள் டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்கள். "எனக்குச் சரியாகப் படவில்லை, மறுபடி பாருங்கள்" என்று சொல்ல இப்போதே வீட்டில் சொல்லிப் பழகுங்கள். உங்கள் கணவரும் பழகட்டும். வலியில் நீங்கள் பேச முடியாதபோது அவர்தான் பேச வேண்டும்.

ஒருமுறை இழந்த பெண்ணுக்கு ஒன்பதாம் வாரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பாத்ரூம் போகும் ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து பார்ப்பீர்கள். தெரிய வரும் கர்ப்பங்களில் பத்துக்கு ஒன்று இரண்டு இப்படிக் கலைந்துதான் போகிறது, பெரும்பாலும் குரோமோசோம் கோளாறால். நீங்கள் பப்பாளி தின்றதாலோ மாடிப்படி ஏறியதாலோ அல்ல. ஒரு கரு போனவர்களில் பெரும்பாலோர்க்கு அடுத்தது நல்லபடியாகவே பிறக்கிறது. முதல் ஸ்கேனில் துடிப்பைக் கேட்டதும் அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அம்மாவுக்கு அனுப்புங்கள். அந்த வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதிலாக அவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும். மருத்துவர் என் கேள்விக்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.